பேச்சியம்மாளுக்கு அளவெடுத்துக் கட்டிய கூடம்

1. மேனேஜர் கைகொடுத்த அன்று

முதல் ஷிப்ட் முடிந்து மெஷின்கள் நின்ற நேரம். மேனேஜர் தன் அறையை விட்டு இறங்கி ஸ்பின்னிங் பகுதிக்கே வந்தார். அவர் அப்படி வருவது வழக்கமில்லை. வந்தவர் நேராக ஏழாம் நம்பர் மெஷினுக்குப் போய்ப் பேச்சியம்மாள் அக்காவுக்குக் கைகொடுத்தார்.

"இந்த ஆலையிலயே நீங்கதாம்மா முதல். கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. புதுக் கூடத்துக்கு முதல் ஆளா உங்களைத்தான் அனுப்பப் போறோம்."

சூப்பர்வைசர் ஜெபராஜ் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

மேனேஜர் போனதும் பேச்சியக்கா மெஷின் ஓரத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவுச் சேதி கேட்டவர் முகம் மாதிரி இருந்தது. பக்கத்து மெஷின் எஸ்தர் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"எக்கா, இப்ப என்னக்கா செய்ய?"

"என்னத்தளா செய்ய? எல்லாருஞ் சேந்து என்னைத் தூக்கி உசரத்துல வச்சிட்டிய. இனி அங்கன இருந்து விழ வேண்டியதுதான்."

பாராட்டைக் கேட்ட ஒருவர் ஏன் இப்படிப் பேசினார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேலை நடக்கிற இடத்தை அமைப்பது இப்போது ஒரு படிப்பாகிவிட்டது. ஆள் எங்கே நிற்க வேண்டும், கை எதுவரை எட்டும் என்று கணினியில் படம் போட்டுப் பார்க்கிறார்கள். அதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது உதவும். நான் படித்தது எட்டாவது. அதுவும் பாதி.

2. மஞ்சள் கட்டை

திசையன்விளைப் பக்கம் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பிய நான் பம்பாயில் தட்டுக் கழுவினேன். லாரியில் கிளீனராக ஓடினேன். மணிமுத்தாறு அணையில் ஷட்டர்களுக்கு கிரீஸ் வைக்கிற காண்டிராக்டரிடம் கொஞ்ச காலம் இருந்தேன். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு தீபாவளி பார்த்தவன் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், காய்ச்சலோடு திருநெல்வேலியில் இறங்கினேன். காய்ச்சல் விட்டதும் சேரன்மகாதேவி போகிற சாலையில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஹெல்பராகச் சேர்ந்தேன். படுக்க ஷெட் கொடுத்தார்கள். அதனால் தங்கினேன்.

நூல் முறுக்குகிற மெஷினுக்கு ரிங் ஃபிரேம் என்று பெயர். ரயில்பெட்டி மாதிரி நீளம். இரண்டு பக்கமும் வரிசையாக ஸ்பிண்டில் சுற்றும். இரண்டு மெஷின்களுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் மேலும் கீழும் நடந்து, எங்கே இழை அறுகிறதோ அங்கே ஒட்டுவதுதான் வேலை. அப்படி ஒருவர் பார்க்கிற சந்துக்கு சைடு, பார்க்கிறவருக்கு சைடர் என்று பெயர். ஷிப்ட் முழுக்க நடைதான். பெரும்பாலும் பெண்கள்தான் சைடர்கள்.

உள்ளே பேச்சுக் கேட்காது. மெஷின் இரைச்சல் அப்படி. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருத்திக்குத் தண்ணீர் குடிக்கவோ கக்கூஸுக்கோ போக வேண்டியிருந்தால், மெஷின் முனையில் ஒரு வெற்று மஞ்சள் கட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவாள். நூல் சுற்றுகிற பிளாஸ்டிக் கட்டைதான். அதைப் பார்த்த பக்கத்துச் சந்துக்காரி உள்ளே வந்து ஒரு நடை நடந்து, அறுந்ததை ஒட்டிவிட்டுப் போவாள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நன்றியும் சொல்வதில்லை. ஜெபராஜுக்கு இது தெரியும். கண்டுகொள்ள மாட்டார்.

பேச்சியக்காவின் மெஷினில் அந்தக் கட்டை எப்போதும் நின்றது.

சுத்தமல்லியிலிருந்து வருகிறவர். ஒரு முறை நடவு வயலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் நேராக நடப்பார். அப்புறம் வலது கால் இழுக்கும். கேட்டில் நுழையும்போது மட்டும் பல்லைக் கடித்து நேராக நடப்பார். வீட்டுக்காரருக்கு இருதயத்தில் கோளாறு. ஊசியும் மாத்திரையும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கிடைத்தன. பேச்சியக்கா வேலையில் இருக்கிறவரை கிடைக்கும். வேலை போனால் நின்றுவிடும். அவர் ஆலைக்கு வந்ததே அந்த ஈ.எஸ்.ஐ. அட்டைக்காகத்தான். சம்பளம் அப்புறம்தான்.

இடது பக்கச் சந்தில் எஸ்தர். வலது பக்கச் சந்தில் இசக்கி. இரண்டு பேரும் தங்கள் சந்தையும் பார்த்து, நடுவில் இருந்த அவர் சந்தையும் பார்த்தார்கள். அந்தப் பழைய கூடத்தில் மெஷின்களுக்கு நீளம் குறைவு. நடுவில் குறுக்கு வழி இருந்தது. சந்துக்குச் சந்து தாவுவது லேசு.

3. எலி

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு தண்டவாளம் பொருத்தினார்கள். அதன்மேல் தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்று ஓயாமல் ஓடும். எந்த ஸ்பிண்டிலில் இழை அறுந்தது, எவ்வளவு நேரத்தில் ஒட்டினார்கள் என்பதை அது பார்த்து, சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்கு அனுப்பும். அங்கே திரையில் மெஷினுக்கு ஒரு கோடு. சீக்கிரம் ஒட்டினால் பச்சை. தாமதமானால் மஞ்சள். ரொம்பத் தாமதமானால் சிவப்பு. சிவப்பு வந்தவளுக்கு மெமோ.

பெண்கள் அதற்கு எலி என்று பெயர் வைத்தார்கள். எலியின் கண்ணில் படிகிற பஞ்சைத் துடைப்பது என் வேலை.

"அண்ணே, அந்த எலிக்குக் கொஞ்சம் மருந்து வையுங்களேன்" என்பாள் இசக்கி. வாய் ஓயாதவள்.

"வச்சா எனக்குல்லா மருந்து வைப்பாவ" என்பேன்.

எலி ஓட ஆரம்பித்த அன்று மத்தியானம், சாப்பாட்டு மணிக்கு, பேச்சியக்கா தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை.

"நாளைக்கே எனக்குச் சிவப்பு வந்துரும்" என்றார்.

"வராது. வரவிட மாட்டோம்" என்றாள் எஸ்தர்.

"உங்க சைடு கெட்டுப் போகுமே."

"எங்களுக்குக் காலு இருக்குக்கா. ஓடிக்கிடுதோம்."

"ஓடிட்டு ராத்திரி காலைக் கழத்தி எண்ணெயில ஊறப் போட்டிருவோம்" என்றாள் இசக்கி.

சிரித்தோம். அதற்கப்புறம் அவர்கள் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். பழைய வழக்கப்படி, தன் சந்தை முடித்துவிட்டுத்தான் அடுத்தவள் சந்துக்குப் போவார்கள். இப்போது தலைகீழாக்கினார்கள். முதலில் பேச்சியக்கா சந்து. அங்கே ஒரு அறுந்த இழைகூட இல்லை என்று பார்த்துவிட்டு, அப்புறம் தங்கள் சந்துக்கு ஓடினார்கள். பயம் அப்படிச் செய்ய வைத்தது. பச்சை கொஞ்சம் குறைந்தால்கூட யாராவது வந்து பார்ப்பார்கள், பார்த்தால் கால் இழுப்பது தெரிந்துவிடும் என்ற பயம். நடுவில் பேச்சியக்காவும் தன்னால் முடிந்தவரை ஒட்டினார். இப்படி மூன்று பேர் கை பட்டு, ஏழாம் நம்பர் கோடு ஆலையிலேயே பச்சையான கோடாகிப் போனது.

எலிக்கு இழைதான் தெரியும். எந்தக் கை ஒட்டியது என்று அதற்குத் தெரியாது.

4. கோவையிலிருந்து வந்தவர்

ஆலைக்குப் பின்னால் புதுக் கூடம் கட்ட முடிவு செய்தார்கள். அதற்குக் கோவையிலிருந்து சுந்தரேசன் என்று ஓர் இன்ஜினியர் வந்தார். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவரைப்போல் தொழிலாளியிடம் பேசிய இன்ஜினியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இத்தனை நாள் மெஷினை வச்சுட்டு, மிச்சம் இருக்கற எடத்துல ஆளை நிறுத்துனாங்க. நான் அப்படிச் செய்யமாட்டனுங்க. ஆளை நடுவுல வச்சுப்போட்டு, அவங்களைச் சுத்தி மெஷினை வைக்கப் போறனுங்க" என்று எங்களைக் கூட்டிச் சொன்னார்.

டேப்பை எடுத்துப் பெண்களின் உயரத்தை அளந்தார். கை எட்டுகிற தூரத்தை அளந்தார். மெஷின் இவர்களுக்கு உயரம் அதிகம், மேல்தட்டை இறக்க வேண்டும் என்றார். வெளிச்சம் போதாது என்றார். குடிதண்ணீர் சந்துக்குள்ளேயே வேண்டும் என்றார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான்தான்.

பேச்சியக்காவிடம் வந்தபோது கூடுதல் மரியாதையோடு பேசினார். பச்சைக் கோட்டைப் பார்த்திருந்தார்.

"சொல்லுங்கம்மா. உங்களுக்கு இங்க என்ன சிரமம்? நடை கூடுதலா? நிக்கறது கஷ்டமா? எதுன்னாலும் சொல்லுங்க."

பக்கத்தில் ஜெபராஜ் நின்றார். அவருக்குப் பின்னால் மேனேஜர்.

"ஒரு கொறையும் இல்ல சார்" என்றார் பேச்சியக்கா.

"கால் வலி, இடுப்பு வலி?"

"அதெல்லாம் கிடையாது சார். நல்லா நடக்கேன்."

எஸ்தரிடமும் இசக்கியிடமும் கேட்டார். எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஒருத்திக்குக் குறை இருக்கிறது என்று சொன்னால் பேச்சு அடுத்தவளுக்குப் போகும், அங்கிருந்து நடுச் சந்துக்குப் போகும் என்று மூவருக்கும் தெரியும். இன்ஜினியர் குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

ஒரு சைடர் எவ்வளவு நீளம் பார்க்கலாம், எவ்வளவு நடக்கலாம், நடுவில் எவ்வளவு ஓய்வு கிடைக்கும் என்ற கணக்கை அவர் கம்ப்யூட்டரில் இருந்த ஏழாம் நம்பர் கோட்டை வைத்துப் போட்டார். நிதானமாக நடக்கிற, நடுத்தர வயதுப் பெண் இவ்வளவு செய்கிறார் என்றால், இளம்பெண்களுக்கு இது சுலபம், யாரையும் கசக்கிப் பிழிய வேண்டாம் என்பது அவர் எண்ணம். நல்ல மனசோடு போட்ட கணக்கு அது.

5. புதுக் கூடம்

கூடம் அழகாக இருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. மெஷின் உயரம் நம் ஊர்ப் பெண்களுக்குச் சரியாக இருந்தது. ஒவ்வொரு சந்துக்கும் தனி மின்விசிறி, தனித் தண்ணீர்ப் பானை, தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு நாற்காலி. உட்கார்ந்து வேலை பார்க்க ஆலையில் நாற்காலி போட்டதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

ஆனால் மெஷின் பழையதைப்போல் இரண்டு மடங்கு நீளம். குறுக்கு வழி கிடையாது. ஒவ்வொருவருக்கும் முழுதாகத் தனி இடம். "ஒருத்தர் எடத்துக்குள்ள இன்னொருத்தர் வரவேண்டிய அவசியமே இல்லைங்க" என்று இன்ஜினியர் பெருமையாகச் சொன்னார். அவர் எங்கும் மஞ்சள் கட்டையைப் பார்த்திருக்கவில்லை. அவர் வந்த நாள்களில் பெண்கள் அதை ஒளித்து வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் மேனேஜர் வந்து கைகொடுத்தார்.

மறுநாள் பேச்சியக்கா மேனேஜர் அறைக்குப் போனார். எஸ்தரும் இசக்கியும் கூடப் போனார்கள். எலியைத் துடைக்கிறவன் சாட்சி சொல்லட்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். இன்ஜினியரும் உள்ளே இருந்தார்.

"சார், என்னால அங்கன முடியாது. எனக்கு இடுப்பு சரியில்ல" என்றார் பேச்சியக்கா.

மேனேஜர் சிரித்தார். "ஆலையில முதல் ஆளுக்கு இடுப்பு சரியில்லையா? கம்ப்யூட்டர் என்ன பொய்யா சொல்லுது?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லல சார். இழை ஒட்டுனது நிசந்தான். நான் ஒத்தையில ஒட்டல."

"புது இடம்னா எல்லாருக்கும் பயம் இருக்கும். அதுக்காக இப்படிக் கதை சொல்லக்கூடாது."

"கதையில்ல சார். நாங்க ரெண்டு பேரும் கூடவே ஒட்டுனோம்" என்றாள் எஸ்தர். நானும் ஆமாம் என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. எஸ்தரைத்தான் பார்த்தார்.

"உன் மெஷினுக்குச் சிவப்பு வரலையே?"

"வரல சார்."

"அப்ப உன் சைடையும் பாத்து, இவ்வோ சைடையும் பாத்திருக்க. அப்படின்னா உனக்கு இன்னும் கொஞ்சம் சைடு கூட்டிக் குடுக்கலாம்போல இருக்கே?"

சொல்லாதவரை ஒருத்தி மாட்டினாள். சொன்னதும் மூன்று பேரும் மாட்டினார்கள்.

வெளியே வந்தபின் இன்ஜினியர் என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். "நிஜமாவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மஞ்சள் கட்டையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் அளந்த பொம்பளை உலகத்துலயே இல்லைங்களே" என்றார்.

திரும்பவும் மேனேஜரிடம் போனார். ரொம்ப நேரம் கழித்து வந்தார். மெஷினை எல்லாம் இறுக்கியாயிற்று, கணக்கு முதலாளி கைக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நடமாடினார். அப்புறம் கோவைக்குப் போய்விட்டார்.

6. நாற்காலி

புதுக் கூடத்தில் பேச்சியக்காவுக்கு முதல் சந்து. எஸ்தருக்கு அடுத்த சந்து. இசக்கி பழைய கூடத்திலேயே. ஸ்பிண்டில்களின் இடுக்கு வழியாக ஒருவரை ஒருவர் பார்க்கலாம், அவ்வளவுதான். போக வேண்டுமென்றால் மெஷினை முழுதாகச் சுற்ற வேண்டும். எஸ்தர் ஒரு முறை சுற்றிப் போனாள். திரும்புவதற்குள் அவள் பக்கம் சிவப்பு வந்து மெமோ வாங்கினாள். மறுமுறை போக வேண்டாம் என்று பேச்சியக்காவே கைகாட்டிவிட்டார்.

அங்கே சந்தின் முனையில் கம்பம் நட்டு விளக்கும் போட்டிருந்தார்கள். இழை அறுந்து தாமதமானால் விளக்கு எரியும். பேச்சியக்கா இந்த முனைக்கு இழுத்து இழுத்து வருவார். அந்த முனை விளக்கு எரியும். அங்கே திரும்புவார். பானைத் தண்ணீரைத் தொட மாட்டார். குடித்தால் கக்கூஸுக்குப் போக வேண்டும். கணக்குப்படி அவருக்கு ஓய்வு நேரம் இருந்தது. நாற்காலி அதற்காகப் போட்டதுதான். ஒரு நாளும் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தாண்டிப் போகும்போது அதன் முதுகைப் பிடித்து ஒரு மூச்சு வாங்கிக்கொள்வார்.

ஜெபராஜ் கெட்டவர் இல்லை. முதல் சில நாள் சிவப்பைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மேனேஜர் அறைக்கும் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவராலும் தாங்கிப் பிடிக்க முடியவில்லை.

ஒரு நாள் மத்தியான ஷிப்டில் நான் அந்தச் சந்தில் எலி துடைத்துக்கொண்டிருந்தேன். பேச்சியக்கா சந்தின் நடுவில் நின்றார். இரண்டு முனையிலும் விளக்கு எரிந்தது. எந்தப் பக்கமும் போகவில்லை. பைய நாற்காலிப் பக்கம் வந்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மெஷின் நெடுக இழைகள் அறுந்து, பஞ்சு கொத்துக் கொத்தாகத் தொங்க ஆரம்பித்தது.

ஜெபராஜ் ஓடிவந்து காதருகே குனிந்து கத்தினார். "எக்கா, எந்திரிங்க! மேனேஜர் பாத்துக்கிட்டிருக்காரு!"

"கொஞ்சம் இருக்கேன் தம்பி" என்றார் பேச்சியக்கா. "நாற்காலி போட்டதே இருக்கத்தான?"

மறுநாள் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதியிருந்தது. ஆலையிலேயே முதல் இடம் பிடித்த ஆள் வேண்டுமென்றே வேலையை நிறுத்தினார் என்றுதான் மேலிடத்தில் பேச்சு. முடியாமல் நிறுத்தினார் என்று யாரும் நம்பவில்லை.

7. சுத்தமல்லியில்

அந்தக் கணக்கு அப்புறம் எல்லோருக்கும் சட்டமாயிற்று. பழைய கூடத்திலும் ஆளைக் குறைத்தார்கள். இசக்கியை நிறுத்தினார்கள். எஸ்தர் கல்யாணம் வரை ஓடினாள். எனக்கும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கிளம்புவதற்கு முன்னால் பேச்சியக்காவைப் பார்க்கப் போனேன்.

மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மேலப்பாளையத்து ஏஜென்ட் இலையும் தூளும் கொடுத்துவிட்டுப் போவாராம். வீட்டுக்காரர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் மூச்சு வாசல்வரை கேட்டது.

"இது தேவல தம்பி. இருந்த இடத்துலயே பாக்கலாம்" என்றார் பேச்சியக்கா.

"மருந்து?"

"வெளிய வாங்குதேன். வாங்க முடிஞ்சப்ப வாங்குதேன்."

எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்டுவிட்டேன். "அந்த இன்ஜினியர் நல்ல ஆளுக்கா. முதல்ல கேட்டப்பவே அவருகிட்ட உள்ளதைச் சொல்லியிருந்தா?"

பேச்சியக்கா இலையை மடித்தபடி சொன்னார். "அவரு நல்லவருதான். யாரு இல்லைங்கா? ஆனா எனக்குச் சம்பளம் குடுக்கது அவரா? சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாவ. சொல்லாததுனால இன்னுங் கொஞ்ச நாள் இவ்வோளுக்கு ஊசி கிடைச்சுது. அவ்வளவுதான் தம்பி வித்தியாசம்."

அடுத்த மழைக்காலத்தில் அவர் வீட்டுக்காரர் இறந்துபோனார். அப்போது நான் சூரத்தில் இருந்தேன். ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

வேலையிடம் அமைக்கப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். ஆளை நடுவில் வைப்பது நல்ல எண்ணம். ஆனால் நீங்கள் போய் "என்ன சிரமம்" என்று கேட்கும்போது, உண்மையைச் சொல்கிறவருக்கு வேலை போகாது என்ற உறுதியை முதலாளியிடம் வாங்கிவிட்டுப் போங்கள். அதை வாங்க உங்களால் முடியாதென்றால் டேப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காதீர்கள். பயந்தவர் சொல்கிற பதிலையும், பயந்தவர் காட்டுகிற வேகத்தையும் வைத்துக் கட்டினால், இல்லாத ஒருத்திக்குத்தான் கட்டுவீர்கள். அந்த இல்லாதவளுடைய நடையைத்தான் அப்புறம் அங்கே வேலைக்குச் சேருகிற ஒவ்வொருத்தியும் நடக்க வேண்டியிருக்கும்.